அண்டை நாட்டுப் போரில் இறங்கிய கென்யா: பாதுகாப்பு கிடைத்ததா, யார் விலை கொடுத்தார்கள்?

#1 செங்கதிர்

அண்டை நாட்டுப் போரில் இறங்கினால்தான் நம் எல்லை பாதுகாப்பாக இருக்கும் என்று ஓர் அரசு சொல்லும்போது அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? பொத்தாம்பொதுவாக வாதிடுவதைவிட, அப்படி இறங்கிய ஒரு நாட்டின் பத்தாண்டுக்கும் மேலான வரவுசெலவைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. அதற்காகவே கென்யாவை எடுத்துக்கொள்கிறேன்.

2011 செப்டம்பரில் கென்யாவின் வடக்குக் கடற்கரைத் தீவான லாமுவுக்கு வடக்கே ஒரு கடற்கரை விடுதியில் பிரிட்டிஷ் சுற்றுலாப் பயணி ஒருவர் கொல்லப்பட்டார். அவர் மனைவி சோமாலியாவுக்குக் கடத்தப்பட்டார். அக்டோபர் தொடக்கத்தில் மண்டா தீவிலிருந்து ஒரு பிரெஞ்சுப் பெண்மணியைக் கொண்டு போனார்கள். அக்டோபர் 13 அன்று தடாப் அகதிகள் முகாமிலிருந்து ஸ்பெயின் நாட்டுத் தொண்டுப் பணியாளர்கள் இருவர் கடத்தப்பட்டனர். மூன்றே நாளில், அக்டோபர் 16 அன்று, 'நாட்டைக் காப்போம்' என்று பொருள்படும் சுவாஹிலிப் பெயரோடு கென்ய ராணுவம் எல்லை தாண்டியது. உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் சைட்டோட்டியும் பாதுகாப்பு அமைச்சர் யூசுப் ஹாஜியும் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். நாடாளுமன்றம் அதைப் பற்றி விவாதித்தது, படை போன பிறகு.

மூன்று நாளில் முளைத்த முடிவு என்று இதை நினைக்க வேண்டாம். தெற்குச் சோமாலியாவில் ஜுபாலாந்து என்ற பெயரில் தனக்கு வேண்டிய ஒரு நிர்வாகத்தை அமைத்து, அதை எல்லைக்கு அரணாக வைத்துக்கொள்ளும் திட்டத்தை 2010 தொடக்கத்திலேயே கென்யா அமெரிக்க அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறது. அமெரிக்கர்கள் அப்போது தயக்கம் காட்டியதும் வெளியான தூதரக ஆவணங்களில் இருக்கிறது. அந்தப் பிரிட்டிஷ் பெண்மணியைப் பிடித்து வைத்திருந்தவர்கள் கடற்கொள்ளையர்கள்; பிணைப்பணம் கைமாறிய பிறகே 2012 மார்ச்சில் அவர் விடுதலையானார். சோமாலியாவின் இஸ்லாமியத் தீவிரவாத இயக்கமான அல்-ஷபாப்பை எதிர்த்துப் போர் தொடுக்க அந்தக் கடத்தல் எவ்வளவு தூரம் காரணம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

படை நுழைந்து எட்டாவது நாள் நைரோபியில் இரண்டு கையெறிகுண்டுத் தாக்குதல்கள். 2013 செப்டம்பர் 21 அன்று அங்கே வெஸ்ட்கேட் வணிக வளாகத்தில் 67 பேர் கொல்லப்பட்டார்கள். 2014 ஜூனில் லாமு பக்கத்து ம்பெகெடோனியில் இரண்டு இரவுகளில் 60-க்கும் மேற்பட்டவர்கள். அதே ஆண்டு நவம்பரில் வடகிழக்கில் மண்டேரா பஸ்ஸில் 28 பேர், பத்து நாள் கழித்துக் கல்குவாரியில் 36 பேர். 2015 ஏப்ரல் 2 அன்று அதே வடகிழக்கின் கரிஸா பல்கலைக்கழகத்தில் 148 பேர், பெரும்பாலும் மாணவர்கள். 2019 ஜனவரியில் மீண்டும் நைரோபியில் ஒரு ஹோட்டல் வளாகத்தில் 21 பேர்.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவெடுத்தது நைரோபி. விலை கொடுத்தது கடற்கரையும் வடகிழக்கும். நாடு முழுவதற்குமான பாதுகாப்பு, நாடு முழுவதற்குமான பொருளாதாரம் என்று பேசும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் வரலாம்.

#2 கணக்கன்

செங்கதிர், மாற்றுக் கருத்தோடுதான் வருகிறேன்.

முதலாவது, தாக்குதல்கள் 2011-க்குப் பிறகு தொடங்கியவை அல்ல. 1998 ஆகஸ்டில் நைரோபி அமெரிக்கத் தூதரகக் குண்டுவெடிப்பில் 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2002 நவம்பரில் மொம்பாசாவுக்கு அருகே இஸ்ரேலியர்கள் வந்து தங்கும் ஹோட்டல் தகர்க்கப்பட்டது. அப்போது கென்யப் படையில் ஒருவர்கூடச் சோமாலியாவில் இல்லை. அந்நாட்டில் அரசே இல்லாமல் போனதுதான் அடிப்படைச் சிக்கல். கை கட்டி உட்கார்ந்திருந்தால் கென்யாவை விட்டுவைத்திருப்பார்கள் என்பதற்கு என்ன உறுதி?

இரண்டாவது, பொருளாதாரம். 2011 அக்டோபர் கென்யாவுக்கு மிக மோசமான மாதம். ஒரு டாலருக்கு ஷில்லிங் 107 வரை சரிந்தது. விலைவாசி உயர்வு 19 சதவீதத்தை ஒட்டி நின்றது. அந்த நிலையில் ஒரு நாடு போருக்குப் போனால் நாணயம் முற்றாகக் கவிழும் என்றுதான் எந்தப் பொருளியல் மாணவரும் எழுதியிருப்பார். நடந்தது வேறு. மத்திய வங்கி நவம்பர் தொடக்கத்தில் வட்டியை ஒரே அடியாக 11-லிருந்து 16.5 சதவீதத்துக்கும், டிசம்பரில் 18 சதவீதத்துக்கும் ஏற்றியது. ஷில்லிங் மீண்டது. அடுத்த ஆண்டுகளில் வளர்ச்சி 5 சதவீதத்தை ஒட்டியே ஓடியது.

இன்னொன்று. ம்பெகெடோனிப் படுகொலை நடந்த அதே வாரத்தில்தான் கென்யா தன் முதல் டாலர் கடன்பத்திரத்தை உலகச் சந்தையில் விற்றது. 200 கோடி டாலர். அதைப்போலப் பல மடங்கு பணம் வாங்க வரிசையில் நின்றது. போர் ஒரு நாட்டின் பொருளாதாரத்தை அழிக்கும் என்ற பொதுவிதிக்கு இந்த எண்கள் ஒத்துவரவில்லை.

#3 மொம்பாசா வாசி

கணக்கன் ஐயா, உங்கள் எண்கள் சரியானவை. அவற்றின் பக்கத்தில் இந்த ஊரின் எண்களையும் வைத்துப் பாருங்கள்.

நான் மொம்பாசாவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நியாலி, டியானி பக்கத்து ஹோட்டல்களுக்கு மீனும் காய்கறியும் கொடுக்கும் தொழில். 2011-இல் கென்யாவுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 18 லட்சம் பேர். 2015-இல் 12 லட்சத்துக்கும் கீழே. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. சுற்றுலா வருமானம் ஷில்லிங் கணக்கில் 9,790 கோடியிலிருந்து 8,460 கோடிக்கு இறங்கியது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நான்கு ஆண்டுகளில் இப்படி இறங்கியது என்றால் உண்மை இழப்பு இன்னும் பெரியது.

இதுவும் நாடு முழுவதற்குமான எண்தான். காட்டு விலங்குகளைப் பார்க்க வருபவர்கள் மாசாய் மாராவுக்கு ஓரளவு வந்துகொண்டுதான் இருந்தார்கள். கூட்டம் பேசுவதற்கு நைரோபிக்கு வருபவர்களும் வந்தார்கள். அடி முழுவதும் விழுந்தது கடற்கரையில். 2014 மே மாதம் பிரிட்டிஷ் அரசு மொம்பாசாவைத் தவிர்க்கச் சொல்லி எச்சரிக்கை விட்டது. பயண நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான பயணிகளை விடுமுறையின் நடுவிலேயே விமானம் ஏற்றி அழைத்துப் போயின. ஐரோப்பாவிலிருந்து நேராக மொம்பாசாவில் வந்து இறங்கிய வாடகை விமானங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

ஒரு ஹோட்டல் மூடப்பட்டால் வேலை இழப்பவர்களை மட்டும் எண்ணுகிறார்கள். எனக்குத் தெரிந்த வரிசையைச் சொல்கிறேன். ஹோட்டல் முதலில் செய்வது, சரக்குக் கொடுப்பவனுக்குப் பணம் தருவதைத் தள்ளிப்போடுவது. முப்பது நாள் தவணை அறுபதாகும், அறுபது தொண்ணூறாகும். அதனால் நான் மீனவரிடம் ரொக்கத்துக்கு வாங்க முடியாது. மீனவர் டீசல் கடைக்காரரிடம் கடன் சொல்வார். துணி வெளுப்பவர்கள், மரச்சிற்பம் செதுக்கும் அகாம்பா மக்கள், கடற்கரையில் கிக்கோய் துணி விற்பவர்கள், டுக்-டுக் ஓட்டுபவர்கள் என்று அது இறங்கிக்கொண்டே போகும். இவர்களில் ஒருவர் பெயர்கூட எந்த ஊதியப் பட்டியலிலும் இல்லை. ஆகவே வேலையின்மைக் கணக்கிலும் அவர்கள் ஏறுவதில்லை. எனக்கு வர வேண்டிய தொகையில் ஒரு ஹோட்டல் பாதியைக்கூடத் தராமல் கதவைச் சாத்தியது. வழக்குப் போட்டும் பலனில்லை, அங்கே எடுத்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை.

லாமுவின் நிலை இதைவிடக் கொடுமை. அங்கே பல ஆண்டுகள் இரவு மீன்பிடிப்புக்கே தடை இருந்தது. அந்தக் கடலில் இரவில்தான் நல்ல மீன் கிடைக்கும். ம்பெகெடோனிக்குப் பிறகு மாதக்கணக்கில் இரவு ஊரடங்கு. சுற்றுலாவும் போய், வலையும் கரையில் கிடந்தால் ஒரு தீவு எதைத் தின்னும்?

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012 ஆகஸ்டில் அபூத் ரோகோ என்ற போதகர் மொம்பாசாவில் காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அல்-ஷபாப்புக்கு ஆள் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டு இருந்தது. அப்படியென்றால் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டித்திருக்க வேண்டும். ஊர் இரண்டு நாள் எரிந்தது. 2014 பிப்ரவரியில் மூசா பள்ளிவாசலுக்குள் காவல்துறை புகுந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. போருக்கு முன்னால் இந்த ஊரில் இருந்த நம்பிக்கை வேறு. இன்னும் அது முழுதாகத் திரும்பவில்லை.

#4 துரைசாமி

ஓய்வுபெற்ற ராணுவத்தினன் என்ற முறையில் படை சார்ந்த பக்கத்தைச் சொல்கிறேன்.

அரண் வலயம் என்பது வரைபடத்தில் கோடு போடும்போது அழகாகத் தெரியும். கென்யா–சோமாலியா எல்லை ஏறத்தாழ 700 கி.மீ. அதைத் தாண்டி உள்ளே போய் நின்றால், காக்க வேண்டிய கோடு குறையாது. அதோடு வழங்கல் பாதைகளும் சேர்ந்துகொள்ளும். அக்டோபர் மழைக்காலம் என்று தெரிந்தும் இறங்கினார்கள். கனரக வண்டிகள் சேற்றில் புதைந்தன. தெற்குச் சோமாலியாவின் அஃப்மடோ நகரை எடுப்பதற்கு 2012 மே முடிந்துவிட்டது. அங்குள்ள கிஸ்மாயோ துறைமுகம் 2012 செப்டம்பர் இறுதியில்தான் கைக்கு வந்தது. அந்தக் கடல்வழித் தரையிறக்கம் நன்றாகத் திட்டமிட்ட நடவடிக்கை என்பதையும் சொல்ல வேண்டும். எதிரி சண்டையிடாமல் விலகினான். விலகியவன் அழிந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு படை சிறுசிறு முகாம்களாகப் பரந்து உட்கார்ந்தது. எனக்கு வயிறு எரிவது இங்கேதான். நூறு, நூற்றைம்பது பேர் கொண்ட முகாம், பக்கத்து முகாமிலிருந்து உதவி வரப் பல மணி நேரம் ஆகும், சுற்றிலும் உள்ள மக்களோடு உறவு இல்லை. 2016 ஜனவரி 15 அன்று எல் அட்டே முகாமில் விடியற்காலையில் வெடிமருந்து வண்டி புகுந்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்று கென்ய அரசு முழுக் கணக்கை வெளியிடவே இல்லை. 140-க்கும் மேற்பட்டவர்கள் என்று செய்தியாளர்கள் திரட்டினார்கள். சோமாலிய அதிபர் அதைவிடப் பெரிய எண்ணைச் சொன்னார். அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே குல்பியோ முகாமில் அதே முறையில் மீண்டும் அடி. ஒரே பாடத்தைப் பன்னிரண்டே மாதத்தில் இரண்டாம் முறை ரத்தம் சிந்திப் படித்தார்கள்.

இறந்த வீரனின் பெயரைச் சொல்லாத அரசு அவன் குடும்பத்துக்குச் செய்வது துரோகம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

#5 அருள்மொழி

நான் பொருளியல் முதுகலை மாணவி. ஒரு கேள்வி. இந்தப் படைகளுக்கு ஆன செலவை ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்றுக்கொண்டது என்று படித்தேன். அப்படியென்றால் கென்யக் கருவூலத்துக்குப் போர்ச் செலவே இல்லையா?

#6 கணக்கன்

அருள்மொழி, முதல் எட்டு ஒன்பது மாதங்கள் முழுச் செலவும் கென்யாவுடையது. 2012 நடுவில் கென்யப் படை ஆப்பிரிக்க ஒன்றியப் படையின் கீழ் வந்தது. அந்தப் படையின் அளவை 17,731 ஆக உயர்த்தி ஐ.நா. பாதுகாப்பு அவை பிப்ரவரியில் தீர்மானம் போட்டிருந்தது. அதற்குப் பிறகு வீரர்களின் படியை ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது, தலைக்கு மாதம் 1,028 டாலர். தளவாடத் தேய்மானத்தை ஐ.நா. ஈடுசெய்தது. சொந்தக் காசில் போரில் இறங்கி, ஓராண்டுக்குள் அதை உலகத்தின் கணக்கில் எழுத வைத்தது கென்யாவின் திறமை என்றே நான் சொல்வேன்.

ஆனால் அடுத்தவர் காசு அடுத்தவர் கையில்தான் இருக்கும். 2016 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் படியில் 20 சதவீதத்தை வெட்டியது. படைகள் கொதித்தன, படையை விலக்கிக்கொள்வோம் என்ற பேச்சு எழுந்தது. வெட்டு வெட்டாகவே இருந்தது. அதே ஜனவரியில்தான் எல் அட்டே நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு நாடுகளை ஒப்பிடுவது பயன்படும். 1979-இல் தான்சானியா உகாண்டாவுக்குள் புகுந்து இடி அமீனை விரட்டியது. அந்தப் போரில் நியாயம் தான்சானியா பக்கம்தான், முதலில் எல்லை தாண்டியது அமீன். ஆனாலும் சுமார் 50 கோடி டாலர் செலவை யாரும் பங்கிட்டுக்கொள்ளவில்லை. ஏற்கனவே தள்ளாடிய ஏழைப் பொருளாதாரம் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் எழவில்லை. உகாண்டாவோ 1998-இல் காங்கோவுக்குள் போனது. அங்கே பொன்னும் மரமும் கொள்ளை போயின. 2022 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் 32.5 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. போருக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் இப்போது தவணை கட்டுகிறார்கள். இவற்றோடு வைத்துப் பார்த்தால் கென்யக் கருவூலம் குறைந்த சேதத்தோடு தப்பியது என்பதே என் வாதம்.

#7 இளவேனில்

> கென்யக் கருவூலம் குறைந்த சேதத்தோடு தப்பியது

கருவூலம் தப்பியது, ஐயா. கரிஸா, வாஜிர், மண்டேரா மாவட்டங்கள் தப்பவில்லை. அகதிகள் குறித்த ஆய்வுக்காக அந்தப் பகுதியை நெடுநாள் கவனித்து வருகிறேன். கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் சோமாலி இனத்தைச் சேர்ந்த கென்யக் குடிமக்கள். 1963-இல் விடுதலை கிடைத்த உடனேயே சோமாலியாவோடு இணைய விரும்பி அவர்கள் எழுந்ததும், அதை அரசு அடக்கியதும், 1984-இல் வகல்லா விமான ஓடுதளத்தில் நடந்த படுகொலையும் அந்த ஊர்களில் இன்னும் பாட்டிமார் சொல்லும் செய்திகள். அப்படி ஆறாத காயம் உள்ள இடத்தின் வழியாகத்தான் 2011-இல் படை போனது. நைரோபியில் இதை யாராவது எடைபோட்டார்களா என்பதே என் ஆதங்கம்.

2014 ஏப்ரலில் நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதியில் காவல்துறை வீடு வீடாகப் புகுந்தது. ஆயிரக்கணக்கான சோமாலிகளைப் பிடித்துக் கசரானி விளையாட்டு அரங்கில் அடைத்தார்கள். அடையாள அட்டை வைத்திருந்த கென்யர்களும் அதில் இருந்தார்கள். ஈஸ்ட்லீ சாதாரணப் பேட்டை அன்று. கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் துணியும் மின்பொருளும் மொத்தமாக வாங்க வரும் சந்தை. அந்த வணிகர்களில் பலர் முதலீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு வேறு நாடு போனார்கள். பாதுகாப்பு நடவடிக்கை எப்படிப் பொருளாதாரத்தை அடிக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு தேவையில்லை. அந்த நடவடிக்கைக்குப் பிறகுதான் ம்பெகெடோனி, மண்டேரா, கரிஸா எல்லாம் நடந்தன.

கரிஸாவில் மாணவர்களைக் கொன்றவர்களில் ஒருவன் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவன், மண்டேரா பகுதி அரசு அலுவலர் ஒருவரின் மகன். எல்லைக்கு அப்பால் அரண் அமைத்து இவனை எப்படித் தடுப்பது? விடியற்காலையில் தொடங்கிய தாக்குதல். அதிரடிப் படை நைரோபியிலிருந்து அங்கே போய்ச் சேரப் பிற்பகலாகிவிட்டது. சோமாலியாவுக்குள் படை நடத்தத் தெரிந்த அரசால், சொந்த மாவட்டத் தலைநகருக்கு நேரத்தில் ஆள் அனுப்ப முடியவில்லை.

மண்டேரா பஸ்ஸில் இறந்தவர்களில் பலர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ஆசிரியர்கள். அதன் பிறகு வெளிமாவட்ட ஆசிரியர்கள் வடகிழக்கில் வேலை செய்ய மறுத்தார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? 2020-இல் மீண்டும் ஆசிரியர்கள் கொல்லப்பட, ஆசிரியர் ஆணையமே நூற்றுக்கணக்கானவர்களை மாற்றியது. பூட்டிக் கிடந்த பள்ளிகள், ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் பார்த்த பள்ளிகள், கணித ஆசிரியரே இல்லாமல் தேர்வு எழுதிய பிள்ளைகள். இந்த இழப்பு மொத்த உற்பத்திக் கணக்கில் எந்தக் காலாண்டில் வரும்? இன்னும் பத்து இருபது ஆண்டுகள் கழித்து, அந்தப் பிள்ளைகள் சம்பாதிக்க வேண்டிய வயதில் வரும். அப்போது அதற்கும் போருக்கும் உள்ள தொடர்பை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

2015 டிசம்பரில் அதே மண்டேரா சாலையில் இன்னொரு பஸ்ஸை மறித்தார்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தனித்தனியாக நிற்க வேண்டும் என்றபோது, முஸ்லிம் பயணிகள் பிரிந்து நிற்க மறுத்தார்கள். கொல்வதானால் எல்லோரையும் கொல்லுங்கள் என்றார்கள். அப்படி நின்று குண்டடி பட்ட ஆசிரியர் ஒருவர் அடுத்த மாதம் மருத்துவமனையில் இறந்தார். அந்த இடத்தில் கென்யாவைக் காத்தவர்கள், கசரானி அரங்கில் அடைக்கப்பட்டார்களே, அதே சமூகத்து மக்கள்.

#8 துரைசாமி

சகோதரி, கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுதத் தோன்றவில்லை. எல்லையைக் காப்பது எல்லையில் வாழும் மக்கள்தான் என்று எங்கள் பயிற்சியிலேயே சொல்வார்கள். உளவுத் தகவல் முதலில் வருவது ஆடு மேய்க்கும் சிறுவனிடமிருந்து. அவன் அப்பாவைப் பிடித்து அரங்கில் அடைத்தால் அவன் எதற்கு வந்து சொல்ல வேண்டும்?

#9 கணக்கன்

இளவேனில் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் விவரித்தது உள்நாட்டுக் காவல் முறையின் கேடு. போரில் இறங்கியதன் விளைவு என்று அனைத்தையும் ஒரே தலைப்பில் போடலாமா? எத்தியோப்பியாவைப் பாருங்கள். 2006 டிசம்பரில் முழுப் படையெடுப்பே நடத்தியது. அல்-ஷபாப் தனி இயக்கமாகப் பெருத்ததே அந்தப் படையெடுப்பை எதிர்த்துத்தான். ஆனாலும் அடிஸ் அபாபாவில் வெஸ்ட்கேட் போல ஒன்று நடக்கவில்லை. 2013-இல் வைக்க வந்த குண்டு வந்தவர்கள் கையிலேயே வெடித்தது. போரில் இறங்குவது மட்டும்தான் காரணம் என்றால் எத்தியோப்பியா அல்லவா முதலில் அடி வாங்கியிருக்க வேண்டும்?

சுற்றுலா வீழ்ச்சிக்கும் வேறு காரணங்கள் உண்டு. 2013-இல் சுற்றுலாச் சேவைகள் மேல் 16 சதவீத வரி வந்தது. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்க எபோலாவுக்கு அஞ்சி ஆப்பிரிக்கா முழுவதையுமே பயணிகள் தவிர்த்தார்கள்.

#10 செங்கதிர்

கணக்கன் எழுப்பிய எத்தியோப்பியக் கேள்வி நல்ல கேள்வி. என் பதில் இது. எத்தியோப்பியா அப்போது ஒவ்வொரு தெருவிலும் கண்காணிப்பு வைத்திருந்த இறுக்கமான நாடு. கென்யா திறந்த நாடு: சுதந்திரமான செய்தித்தாள்கள், வெளிநாட்டவர் நிறைந்த வணிக வளாகங்கள், உலகம் பார்க்கும் தலைநகரம். நைரோபியில் ஒரு குண்டு வெடித்தால் ஒரு மணி நேரத்தில் லண்டனில் தெரியும். தாக்குபவனுக்கு வேண்டியது அதுதான். ஆகவே அண்டை நாட்டுப் போரில் இறங்கும்போது ஏற்படும் ஆபத்து எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு அன்று. சுற்றுலாவையும் வெளிநாட்டு முதலீட்டையும் நம்பி வாழும் திறந்த நாட்டுக்கு அது பன்மடங்கு. கென்யா தன் பலத்தை எண்ணிப் பார்த்தது, தன் மென்மையான இடங்களை எண்ணவில்லை. 2010 ஜூலையில், உகாண்டா சோமாலியாவுக்குப் படை அனுப்பியதற்காக அதன் தலைநகர் கம்பாலாவில் உலகக் கோப்பை இறுதியாட்டம் பார்த்துக்கொண்டிருந்த 70-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அது கென்யாவுக்கு ஓராண்டுக்கு முன்பே கிடைத்த எச்சரிக்கை.

காவல் முறையைப் போரிலிருந்து பிரிக்க முடியாது என்பதும் என் எண்ணம். வெளியே போர் நடத்தும் அரசுக்கு உள்ளே ஓர் எதிரி இனம் தேவைப்பட்டுவிடுகிறது. கசரானியில் நடந்தது தனி அதிகாரி ஒருவரின் அத்துமீறல் அன்று. 2014 டிசம்பரில் அவசர அவசரமாக நிறைவேற்றிய பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தில் பல பிரிவுகளை நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது.

இன்னும் பேசாத ஒன்று கிஸ்மாயோ. அல்-ஷபாப்புக்குப் பணம் வந்த பெரிய வழி கரி ஏற்றுமதி. சோமாலியக் கருவேல மரங்களை எரித்துக் கரியாக்கி வளைகுடா நாடுகளுக்கு அனுப்புவார்கள். 2012 பிப்ரவரித் தீர்மானத்தில் ஐ.நா. அதைத் தடை செய்தது. அந்தத் துறைமுகத்தைக் கைப்பற்றியதே இயக்கத்தின் பணத்தை நிறுத்தத்தான் என்றார்கள். பிறகு ஐ.நா. கண்காணிப்புக் குழுவே, கென்யப் படையின் கண்ணெதிரே கரி ஏற்றுமதி தொடர்வதாகவும், பெருகியிருப்பதாகவும் எழுதியது. கரி வரும் சாலைகளில் அல்-ஷபாப் வரி வாங்கியது. துறைமுகத்தில் மற்றவர்கள் பங்கு வாங்கினார்கள். 2015-இல் கென்யாவைச் சேர்ந்த செய்தியாளர் அமைப்பு ஒன்று, சர்க்கரைக் கடத்தலிலும் படை அதிகாரிகளுக்குப் பங்கு இருப்பதாகக் குற்றம் சாட்டியது. ராணுவம் மறுத்தது. முழு விசாரணை நடக்கவே இல்லை. இளம் சிப்பாய்கள் எல் அட்டேயில் செத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களைக் கொன்றவர்களுக்குப் பணம் போகும் வணிகத்தில் யாரோ கை நனைத்தார்கள் என்பதை நினைத்தால் ஆத்திரம் அடங்கவில்லை.

போரில் இறங்கும்போது யாரும் இப்படித் திட்டமிடுவதில்லை. ஆனால் துறைமுகம் கையில் இருக்கும்வரை வருமானம் இருக்கும், வருமானம் இருக்கும்வரை வெளியேற மனம் வராது.

#11 அருள்மொழி

நன்றி. அப்படியானால் சோமாலிய அரசுக்கும் கென்யாவுக்கும் உறவு எப்படி ஆனது? உதவிக்கு வந்த அண்டை நாடு என்று நன்றியோடு இருந்தார்களா?

#12 செங்கதிர்

இல்லை, அம்மா. ஜுபாலாந்தின் தலைவர் அகமது மடோபேயைக் கென்யா தாங்கிப் பிடித்ததை மொகதிசுவில் இருக்கும் சோமாலிய அரசு தன் உள்விவகாரத்தில் தலையீடாகவே பார்த்தது. 2014 ஆகஸ்டில் கடல் எல்லை வழக்கைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது. எண்ணெயும் எரிவாயுவும் இருக்கலாம் என்று நம்பப்படும் சுமார் 1 லட்சம் சதுர கி.மீ. கடற்பரப்பு. தன் வீரர்கள் அந்த மண்ணில் நின்றுகொண்டிருக்கும்போதே அந்த அரசு தன்மேல் வழக்குப் போடும் என்று நைரோபி எதிர்பார்க்கவில்லை. 2021 அக்டோபர் 12 தீர்ப்பு பெரும்பகுதி சோமாலியாவுக்குச் சாதகம். கென்யா ஏற்க மறுத்தது.

இடையில் 2020 டிசம்பரில் தூதரக உறவே முறிந்து, அடுத்த மே மாதம்தான் ஒட்டியது. இதில் அடிபட்டவர்கள் யார் தெரியுமா? கென்யாவின் மேரு மலைச்சரிவில், போதைக்காக மெல்லும் மிரா இலையைப் பயிரிடும் விவசாயிகள். 2014-இல் பிரிட்டன் அந்த இலையைத் தடை செய்த பிறகு அவர்களுக்கு எஞ்சிய பெரிய வெளிச்சந்தை சோமாலியாதான். 2020 மார்ச்சில் பெருந்தொற்றைச் சொல்லி அந்நாடு இறக்குமதியை நிறுத்தியது. தொற்று தணிந்த பிறகும் திறக்கவில்லை. 2022 ஜூலையில் அரசியல் உறவு சீரானபோதுதான் விமானங்கள் மீண்டும் போயின. பறித்த இலை இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். இரண்டு ஆண்டுகள் அந்த விவசாயிகள் என்ன செய்திருப்பார்கள்?

#13 மொம்பாசா வாசி

கணக்கன் ஐயா சொன்ன வரியும் எபோலாவும் உண்மைதான். அவையும் சேர்ந்தே அடித்தன. ஆனால் என் ஹோட்டல் வாடிக்கையாளர்கள் முன்பதிவை ரத்து செய்த தேதிகளைப் பார்த்தால், அவை வரவுசெலவுத் திட்ட நாளோடு ஒத்துப்போகவில்லை. குண்டு வெடித்த தேதிகளோடு ஒத்துப்போயின.

மீட்சியையும் சொல்ல வேண்டும். 2018-இல் நாட்டுக்கு வந்தவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். 2017-இல் நைரோபி ரயில் வந்ததும் உள்நாட்டு மக்கள் கடற்கரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். இன்று எங்கள் தொழில் பாதி அவர்களால்தான் நடக்கிறது. ஆனால் 2014-இல் மூடியவர்கள் எல்லோரும் மீளவில்லை. நிலத்தை விற்றவர்கள் விற்றதுதான். வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளியூர்ப் பணக்காரர்கள்.

#14 கணக்கன்

அந்த ரத்துத் தேதிகள் வலுவான சான்று. அதை யாராவது முறையாகத் தொகுத்தால் நன்றாக இருக்கும். எல்லை வணிகம் பற்றி இளவேனிலுக்கு ஒரு கேள்வி: எல்லையைத் திறக்கப்போவதாக 2023-இல் அறிவித்தார்களே, அது என்ன ஆயிற்று?

#15 இளவேனில்

2023 மே 15 அன்று இரு நாட்டு அமைச்சர்களும் அறிவித்தார்கள். மண்டேரா வழி 30 நாளில், லிபோய் 60 நாளில், கியுங்கா 90 நாளில் என்று. அடுத்த சில வாரங்களில் கரிஸாவிலும் லாமுவிலும் வரிசையாகத் தாக்குதல்கள். ஜூலையில் உள்துறை அமைச்சர் அதைத் தள்ளிவைத்தார்.

பூட்டிய எல்லையில் வணிகம் நிற்பதில்லை, சுங்கம் மட்டும்தான் நிற்கிறது. சர்க்கரை, அரிசி, பால்மாவு, ஒட்டகம் எல்லாம் போய்வருகின்றன. வழியில் கென்யக் காவலருக்கு ஒரு தொகை, அல்-ஷபாப்புக்கு ஒரு தொகை. முறையான சந்தை இருந்திருந்தால் அந்தப் பணம் மண்டேரா மாவட்ட மருத்துவமனைக்கும் சாலைக்கும் போயிருக்கும். அதனால்தான் அங்குள்ள வணிகர்களே எல்லையைத் திறக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தாக்குதலில் முதலில் சாகப்போவது தாங்கள்தான் என்று தெரிந்தும் கேட்கிறார்கள்.

ஆப்பிரிக்க ஒன்றியப் படை 2022-இல் ஒரு முறையும் 2025 ஜனவரியில் மறுமுறையும் பெயர் மாறியது. புதிய படைக்குப் போதிய பணம் சேரவில்லை என்பது இப்போதைய சிக்கல். கணக்கன் ஐயா முன்பு சொன்ன அந்த உலகத்தின் கணக்கு வற்றிக்கொண்டிருக்கிறது. கென்யப் படை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கான செலவை யார் ஏற்பார்கள் என்பதை நைரோபி நாடாளுமன்றத்தில் இந்த முறையாவது முன்கூட்டியே கேட்க வேண்டும். வடகிழக்கின் உறுப்பினர்கள் அங்கே இருக்கிறார்கள்; அவர்களை முதலில் பேச விட வேண்டும்.